மறு: மறு: 'ஓரலிசம்' – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகைமொழி இல்லாமல் பேச்சு வழியாகவே பாடம் நடத்த வேண்டும் என்ற கொள்கைக்கு ஆங்கிலத்தில் 'ஓரலிசம்' என்று பெயர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று போன வாரம் கேட்ட கேள்விக்கு இத்தனை மடல்கள் வரும் என்று நினைக்கவில்லை. சிறப்புக் கல்வி மாணவர்களுக்கான பாடக்குறிப்பில், இத்தாலியின் மிலானில் 1880இல் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாடு வரும் இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வந்த சொற்களை எல்லாம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

> பேச்சுவாதம் போதுமே. பொருள்முதல்வாதம், பகுத்தறிவுவாதம் என்கிறோம் அல்லவா?

ஐயா, அங்கெல்லாம் சரிதான். ஆனால் பக்கவாதம், முடக்குவாதம், இளம்பிள்ளைவாதம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மாற்றுத்திறனாளிகள் பற்றிய பாடத்தில் 'பேச்சுவாதம்' என்று போட்டால், அதற்கு மருந்து உண்டா என்றுதான் பிள்ளைகள் கேட்பார்கள்.

> வாய்மொழிமுறை

இது காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் வாய்மொழித் தேர்வு, வாய்மொழி இலக்கியம் என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை. தாலாட்டும் ஒப்பாரியும்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய குறை, மிலானில் நடந்த சண்டை இந்தச் சொல்லில் தெரியவில்லை.

சண்டை என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிசில் 1760 வாக்கில் பாதிரியார் லெப்பே, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை வழியாகவே பாடம் நடத்தத் தொடங்கினார். ஜெர்மனியில் சாமுவேல் ஹைனிக்கே 1778இல் லைப்சிக்கில் தொடங்கிய பள்ளியில் பேச்சுக்குத்தான் முதலிடம். பாரிஸ் பள்ளியில் படித்து அங்கேயே ஆசிரியரான லோரான் கிளெர்க், தாமஸ் கலாடெட்டுடன் அமெரிக்கா போய் 1817இல் ஹார்ட்ஃபோர்டு பள்ளி தொடங்கக் காரணமானார். கிளெர்க் காது கேளாதவர். ஆக, அதுவரை காது கேளாத ஆசிரியர் என்பது அபூர்வமான செய்தி இல்லை.

மிலானில் அது தலைகீழாயிற்று. கூடியிருந்த 164 பேரில் காது கேளாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாஷிங்டனில் காது கேளாதோருக்கான கெண்டல் பள்ளியின் ஜேம்ஸ் டெனிசன் அவர்களில் ஒருவர். சைகையைவிடப் பேச்சே உயர்ந்தது என்றது ஒரு தீர்மானம். அடுத்த தீர்மானம்தான் நமக்கு முக்கியம். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் பேச்சும் கெடும், உதட்டசைவை அறிவதும் கெடும், கருத்துத் தெளிவும் கெடும். ஆகவே கலப்பில்லாத பேச்சுமுறையே வேண்டும் என்றது அது. அமெரிக்கப் பேராளர்கள் எதிர்த்தும் பயனில்லை. பிறகு ஐரோப்பாவில் பள்ளி பள்ளியாகச் சைகை வெளியேறியது, காது கேளாத ஆசிரியர்களுக்கு வேலை போயிற்று. கையசைத்த பிள்ளைக்குக் கையிலேயே அடி விழுந்தது.

பேச்சுப் பயிற்சி தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அது மட்டும் போதாது என்பதற்கு ஒரு சின்னச் சோதனை. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பாடு' என்று சொல்லுங்கள். அப்புறம் 'மாடு' என்று சொல்லுங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரி மூடித் திறக்கும். பகரத்துக்கும் மகரத்துக்கும் உள்ள வேறுபாடு மூக்கில் இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ககரம் தொண்டைப் பக்கமே பிறந்து அங்கேயே நின்றுவிடுகிறது. ஆசிரியர் கழுத்தில் கைவைத்து அதிர்வைத் தொட்டுப் பார்த்து ஒரு எழுத்துக்கு நாள் கணக்கில் மல்லுக்கட்டிய பிள்ளைக்குக் கணக்கும் வரலாறும் படிக்க நேரம் எங்கே மிச்சம்?

சரி, சொல்லுக்கு வருகிறேன். எனக்கு இது பயிற்றுமொழிச் சண்டையாகத்தான் தெரிகிறது. அதற்கு நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது. தமிழ்வழிக் கல்வி, ஆங்கிலவழிக் கல்வி என்பதுபோல, சைகைமொழிவழிக் கல்வி, பேச்சுவழிக் கல்வி. 'சைகைவழி' என்று சுருக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். சைகை என்றால் கடைக்காரரிடம் இரண்டு விரல் காட்டுவதும் சைகைதான். காது கேளாதோரின் சைகைமொழி முழு இலக்கணம் உள்ள மொழி என்று, வாஷிங்டனில் அவர்களுக்கென உள்ள கலாடெட் கல்லூரியின் ஆங்கில ஆசிரியர் வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் காட்ட வேண்டியிருந்தது. அந்த 'மொழி'யை நாம் வெட்டக் கூடாது.

பேச்சுவழிக் கல்வி ஒரு கற்பிக்கும் முறை, அவ்வளவுதான். சைகையே கூடாது என்ற மிலான் பிடிவாதத்துக்குத் தனியாக ஒரு பெயர் வேண்டும். கலப்பில்லாத என்பதற்கு நம் வழக்கு 'தனி'. தனித்தமிழ் என்கிறோமே, அதே தனி. எனவே 'தனிப்பேச்சுமுறை'. சைகையையும் பேச்சையும் சேர்த்துக் கற்பிக்கும் எதிரணியின் 'கம்பைண்டு சிஸ்டம்' கலப்புமுறை. (மணிப்பிரவாளமுறை என்று வைக்க ஆசைதான், விட்டுவிட்டேன்.)

உதட்டைப் பார்த்து அறிவதற்கும் ஒரு சொல் பாக்கி. 'இதழ் வாசிப்பு' என்று ஓரிடத்தில் பார்த்தேன். வார இதழ் வாசிப்பதுபோல் இருக்கிறது.

---

மறு: மறு: மறு:

தம்பி, தனிப்பேச்சுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. 'முறை'யை மட்டும் எங்கும் விட்டுவிடாதே. 'தனிப்பேச்சு' என்று நின்றால் இரண்டு பேர் ஒதுங்கிப் பேசும் ரகசியம் ஆகிவிடும். அதை ஆதரித்தவர்களைத் 'தனிப்பேச்சாளர்' என்றும் எழுதிவிடாதே, பொதுக்கூட்ட மேடை நினைவுக்கு வரும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் பெயரைப் போடும்போது 'தனிப்பேச்சுமுறை ஆதரவாளர்' என்றே நீட்டி எழுது.

கனடாவின் வான்கூவரில் 2010இல் நடந்த காது கேளாதோர் கல்வி மாநாட்டையும் சேர்த்துக்கொள். மிலான் தீர்மானங்களை ஏற்கவில்லை என்று அறிவித்து, வருத்தமும் தெரிவித்தார்கள்.

உன் கடைசிக் கேள்விக்கு: முப்பது வருடம் நான் வகுப்பில் சொன்னது 'உதடு பார்த்துப் படி' என்பதுதான். 'உதட்டுப்படிப்பு' என்று வைத்துப் பாரேன்.

---

மறு: மறு: மறு: மறு:

உதட்டுப்படிப்பு என்றால் மேலோட்டமான படிப்பு என்று தோன்றாதா அக்கா? உதட்டளவில் பேசுவது என்கிறோமே. 'உதட்டசைவு அறிதல்' என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். வேறு நல்ல சொல் கிடைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், அன்றுதான் அச்சுக்குப் போகிறது.