ஒரே சார்ஜரில் பல பேட்டரிகள்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

பேட்டைவாசி:
அம்மன் கொடைக்கு மைக்செட்டோடு அனுப்ப வேண்டிய 6 பேட்டரிகளை, முந்தின இரவு, வரிசையாகக் கோத்துப் பழைய சார்ஜரில் 6 ஆம்பியர் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். விடிந்து ஷட்டரைத் தூக்கியதும் ஆசிட் நெடி கண்ணைக் கரித்தது; மூன்றாவது பேட்டரியின் பக்கச் சுவர் பணியாரம்போல் உப்பி, தொட்ட விரல் சுட்டது. முந்தின மாலையே நிறைந்து 12.7 வோல்ட் காட்டிய பேட்டரி அது. கடைசியில் இருந்த பழையதன் கிராவிட்டியோ (சார்ஜ் ஏற ஏறக் கூடும் ஆசிட் அடர்த்தி) 1.180-ஐத் தாண்டவே இல்லை. எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம் ஓடும்போது நிறைந்தது கொதிக்கும், காலியானது அரைவயிற்றோடு நிற்கும் என்று தெரிந்திருந்தும், அந்த ஒன்றைக் கழற்றி வைக்கச் சோம்பல்பட்டேன். இப்போது ஆறுக்கும் தனித்தனி வெளியீடு உள்ள சார்ஜர் வைத்திருக்கிறேன். நிறைந்தது தானாகவே ஃப்ளோட்டுக்கு, அதாவது நிறைவைக் காக்க மட்டும் போதுமான குறைந்த வோல்ட்டுக்கு, இறங்கிவிடுகிறது.

அம்பைக்காரன்:
அண்ணாச்சி, பழியை வரிசை இணைப்பின் மேல் போடுவதை நான் ஏற்கமாட்டேன். வயதும் கொள்ளளவும் சார்ஜ் இருப்பும் ஒத்தவற்றைக் கோத்தால் ஒழுங்காகவே ஏறும்; நிறைந்ததையும் காலியானதையும் கலந்ததுதான் தவறு. தனி வெளியீடுகள் இருந்தும் என் கடையில் தண்ணீர் வாரந்தோறும் வற்றியது. சார்ஜ் ஏற்றும் 14.4 வோல்ட் என்பது 25 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு உரியது; அதற்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 24 மில்லிவோல்ட் குறைத்தால், தகரக் கூரையின் கீழ் 40 பாகையில் 14 வோல்ட்டே போதும். அதைக் கணித்துக் குறைக்க வேண்டிய வெப்ப உணரி, ஆற்றங்காற்று வீசும் ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது! கட்டியவனும் நான்தான். அதைப் பேட்டரியின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டியபின் வற்றுவது அடங்கியது.

வள்ளியூரான்:
சார்ஜ் ஓடும்போதே கிளிப்பைப் பிடுங்கினேன். ஒரு பொறி, வெடிச் சத்தம், மூடி கூரையில் மோதியது. வேட்டியில் விழுந்த துளிகள் துவைத்தபின் ஓட்டைகளாயின. சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன், காற்றில் 4 விழுக்காடு சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும் என்பதால், முதலில் சுவிட்சை அணைத்துவிட்டே கிளிப்பில் கைவைக்க வேண்டும். இருவரும் கேட்காவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிச் பேட்டரிக்குள் இருக்கும் செல்களை (தனித்தனி அறைகளை) ஒரே நிலைக்குச் சமன்படுத்தும் வேலை தண்ணீர் ஊற்றும் பேட்டரிகளுக்கு மட்டுமே பொருந்தும், அடைத்துவந்தவற்றுக்கு அதைச் செய்தால் போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. தட்டில் கல்லாய் இறுகிய சல்பேட்டைத் துடிப்பு மின்னோட்டம் கரைத்துவிடும் என்று விற்பவர் சொல்வதை நான் நம்புவதில்லை. சார்ஜரில் ஒன்றைக் கூட்டச் சொன்னால், பேட்டரியின் சார்ஜை இறக்கிப் பார்க்கும் வசதியைத்தான் கேட்பேன். 150 ஆம்பியர்-மணி பேட்டரியை 7.5 ஆம்பியரில் 10.5 வோல்ட் வரை இறக்கினால் 20 மணி நேரம் தாங்க வேண்டும். 10 மணி நேரத்தில் படுத்துவிட்டால் பாதி உயிர்தான் மிச்சம். அண்ணாச்சி, உங்கள் கடைசிப் பேட்டரியை அப்படிச் சோதித்துப் பாருங்கள்.

பேட்டைவாசி:
அதை ஈய எடைக்குப் போட்டு மூன்று மாதம் ஆகிறது.