மறு: ‘கட்டுப்பாட்டுடன் நிலத்தில் மோதல்’ சரிதானா?

ஐயா, வணக்கம்.

நீங்கள் அனுப்பிய விமான விபத்துச் சொற்பட்டியலில் பெரும்பாலானவை எனக்குச் சம்மதம். மூன்றாவதில்தான் நின்றுவிட்டேன். பழுதில்லாத விமானம், விமானியின் கட்டுப்பாட்டில் இருக்கும்போதே, அவருக்குத் தெரியாமல் நிலத்தில் மோதுவதற்கான சொல் அது.

> சி.எஃப்.ஐ.டி. (கன்ட்ரோல்ட் ஃப்ளைட் இன்டு டெரெய்ன்) – கட்டுப்பாட்டுடன் நிலத்தில் மோதல்

வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “வேணும்னே கொண்டுபோய் மோதினானா?” என்றார். எந்தப் பொருள் வரக்கூடாதோ அதுதான் முதலில் வந்து நிற்கிறது.

பிபின் ராவத் இறந்த குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தையே எடுத்துக்கொள்வோம். 2021 டிசம்பர் 8 அன்று 11.48க்குச் சூலூரில் கிளம்பிய எம்.ஐ.-17 வி5, 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. காட்டேரிப் பக்கம் ரயில் பாதையில் நின்றவர்கள் எடுத்த அந்தச் சில நொடி வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். ஹெலிகாப்டர் மூட்டத்துக்குள் போகிறது, அப்புறம் சத்தம் மட்டும், அப்புறம் அதுவும் இல்லை. முப்படை விசாரணைக் குழு இயந்திரக் கோளாறும் இல்லை, நாசவேலையும் இல்லை என்றது. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி, மேகத்துக்குள் நுழைந்து, விமானியின் நிலையுணர்வு (எது மேல், எது கீழ், எவ்வளவு சாய்வு என்ற உணர்வு) பிசகி நேர்ந்த சி.எஃப்.ஐ.டி. என்றது. வண்டி சொன்னபடி கேட்டது. எதிரே மலை இருப்பதுதான் தெரியவில்லை. சொல்லில் வரவேண்டியது அந்தத் தெரியாமைதான். ‘அறியாப் பருவம்’ என்கிறோமே, அதே போக்கில் ‘அறியா நிலமோதல்’ என்று வைக்கலாமா?

இந்த நிலையுணர்வுப் பிசகுக்குப் பட்டியலில் உள்ள ‘திசைமயக்கம்’ என்பதும் உறுத்துகிறது. காட்டில் வழி தவறியவனுக்குத்தான் திசை மயங்கும். இங்கே பிசகுவது மேல் கீழும் சாய்வும்.

*

தம்பி,

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. ‘கட்டுப்பாட்டுடன்’ போகட்டும். ஆனால் ‘அறியா’ என்றால் வேறொன்றும் அதற்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கூடைப்பந்து வீரர் கோபி பிரயன்ட் இறந்த விபத்தைப் பாருங்கள். 2020 ஜனவரி 26, கலிபோர்னியாவில் கலபாசஸ் குன்றுகள். அங்கும் மூட்டம்தான், இயந்திரத்தில் பழுதில்லை. 4,000 அடிக்கு ஏறுவதாக விமானி சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது பேரும் போனார்கள். அந்த விமானிக்கும் தெரியாதுதானே? ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதைச் சி.எஃப்.ஐ.டி. என்று எழுதவில்லை. நிலையுணர்வு பிசகி, கட்டுப்பாட்டை இழந்ததால் நேர்ந்தது என்றே எழுதியது. ஒரே காரணம், இரண்டு வகை. உங்கள் சொல் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறது.

‘திசைமயக்கம்’ வேண்டாம் என்றால் ‘நிலைமயக்கம்’ என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

*

ஐயா,

சாக்கை அவிழ்த்துவிட்டேன். ‘அறியா’வைத் திரும்பப் பெறுகிறேன்.

பேச்சில் ‘பிடி தவறிவிட்டது’ என்கிறோம். கலபாசஸில் நடந்தது ‘பிடிதவறல்’. குன்னூரில் நடந்தது ‘பிடிதவறா நிலமோதல்’. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு தானே தெரிகிறது. அம்மாவிடமும் சொன்னேன். “பிடி தவறலைன்னா அப்புறம் எப்படி மோதுச்சு, முன்னாடி என்ன இருக்குன்னு தெரியலையா?” என்றார். இந்தக் கேள்வி வந்தால் போதும்.

‘நிலைமயக்கம்’ மட்டும் வேண்டாம். நாளிதழில் ‘விமானிக்கு மயக்கம்’ என்று வந்தால் தலைசுற்றி விழுந்தார் என்றே வாசிப்பார்கள். நம்மிடம் ‘ஐயந்திரிபற’ என்றொரு சொல் இருக்கிறதே. ஐயம், கயிறா பாம்பா என்று தடுமாறுவது. திரிபு, கயிற்றைப் பாம்பு என்றே முடிவுகட்டிவிடுவது. மேகத்துக்குள் நடப்பது இரண்டாவது. காதுக்குள் அரைவட்டக் குழாய்களில் உள்ள திரவம், ஒரே சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் சில நொடிகளில் அடங்கிவிடுகிறது. வெளியே பிடித்துக்கொள்ள அடிவானம் இல்லை. நேராகப் போகிறோம் என்று உடம்பு சத்தியம் செய்யும். சாய்வைச் சரிசெய்தாலோ எதிர்ப்பக்கம் சாய்வதுபோல் இருக்கும், மறுபடி பழைய சாய்வுக்கே கை போகும். சந்தேகம் வந்தால்தானே கருவியைப் பார்த்து அதன்படி ஓட்டுவார்? அதனால் ‘நிலைத்திரிபு’. இதை விட்டுக்கொடுக்கமாட்டேன்!

இன்னொன்று. பட்டியலின் கடைசியில் மீட்புப் பணியின் ‘ரெஸ்பான்ஸ் டைம்’ என்பதற்கு ‘மறுமொழி நேரம்’ என்று இருக்கிறது. கணினிக்குச் சரி, தீயணைப்பு வண்டி யாருக்கும் மறுமொழி எழுதுவதில்லை. தவிர, அது ஒரே நேரமும் இல்லை. 2009 செப்டம்பர் 2 காலையில் அன்றைய ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி சென்ற பெல் 430 ஹெலிகாப்டர் நல்லமலைக் காட்டில் காணாமல் போனது. மறுநாள் காலையில்தான் சிதைவைக் கண்டார்கள். அங்கே நாழி ஆனது தேடுவதில். குன்னூரில் தேட வேண்டியிருக்கவில்லை. நஞ்சப்பசத்திரத்துக்காரர்கள் வீட்டுப் பக்கத்திலேயே எரிவதைப் பார்த்துக் குடத்தில் தண்ணீரும் கையில் போர்வையுமாக ஓடினார்கள். ஆகவே ‘தேடுநேரம்’, ‘சேர்நேரம்’ என்று இரண்டாகப் பிரிப்போம்.

ஆம்புலன்ஸ் ஓட்டும் தெரிந்தவர் ஒருவரிடம் ‘சேர்நேரம்’ புரிகிறதா என்று கேட்டேன். “ஸ்பாட்டுக்குப் போற டைம்தானே சார்?” என்றார். சொல் தேறிவிட்டது. ‘ஸ்பாட்’டை என்ன செய்வது, அதை அடுத்த மடலில் வைத்துக்கொள்ளலாமா?