மலேசியாவில் புது வீட்டின் தரை அமுங்கி இறங்கிய அனுபவங்கள்

பத்து காவான்வாசி:
எங்களுடையது நிலத்தோடு சேர்ந்த இரட்டை மாடி வீடு. சாவி வாங்கிய வருடமே, வாசற்படிக்கும், கார் நிறுத்தும் போர்ச் தரைக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது. தீபாவளிக்குக் கோலம் போட உட்கார்ந்த அம்மாதான் முதலில் பார்த்தார். தைப்பூசத்துக்குள் 50 காசு நாணயம் உள்ளே நழுவி விழும் அளவுக்கு வாய் பிளந்துவிட்டது. டைல்ஸைத் தட்டினால் காலிப் பானைச் சத்தம்.

டெவலப்பர் அனுப்பிய சூப்பர்வைசர், "இந்தப் பக்கம் மண் இறங்கத்தான் செய்யும் அண்ணே" என்று சொல்லி, சிலிக்கன் பூசிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பாதி உண்மை. எங்கள் ஊர் இருக்கும் செபராங் பிறையின் கடலோரத்தில் பல இடங்களில் இளகிய களிமண்தான். அதன்மேல் மண் கொட்டி மேடாக்கினால் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். வீடு பைலிங் மேல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய தூண்கள் மேல் நிற்கிறது, அசையாது. போர்ச் தரை வெறும் மண்மேல் ஊற்றியது, மண்ணோடு சேர்ந்து இறங்கிவிடும். வீடே சாய்கிறதோ என்ற பயம் அதோடு போனது. ஆனால் கீழே ஓடும் கழிவுநீர்க் குழாயை யார் பார்ப்பது? மேன்ஹோல் மூடியைத் திறந்து வைத்து, குளியலறையில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். ஒரு சொட்டுகூட அங்கே வந்து சேரவில்லை.

அப்புறம் எல்லாம் எழுத்தில்தான். வீடு வாங்கும்போது போட்ட ஒப்பந்தப்படி, வீடு கைக்கு வந்ததிலிருந்து 24 மாதத்துக்குள் தெரியும் கட்டுமானக் குறைகளை, எழுத்துப்பூர்வப் புகார் கிடைத்த 30 நாளில் டெவலப்பர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். படங்களோடு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினோம். தரையை உடைத்து, குழாய் மாற்றி, கம்பி கட்டி மறுபடி ஊற்றினார்கள். டைல்ஸ் நிறம் மட்டும் ஒத்துவரவில்லை, போகட்டும்.

புக்கிட் தம்புன் அக்கா:
எங்கள் வரிசையில் ஒருவர் பைலிங் போடாமல் பின்பக்கம் சமையலறையை நீட்டினார். புதுப் பகுதி இறங்கும்போது பழைய சுவரையும் சேர்த்து இழுத்தது. "நீங்கள் இடித்துக் கட்டியதால் வந்தது" என்று டெவலப்பர் கைகழுவிவிட்டார். அதைப் பார்த்த பிறகு, 24 மாதம் முடியும்வரை நாங்கள் பின்பக்கத்தைத் தொடவே இல்லை. மாமியாருக்குத்தான் முகம் தூக்கல்.

கெப்போங்காரன்:
எனக்குத் தரையில் அல்ல, சுவரில். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறிய விரிசல். பூசிக்கொடுத்தார்கள், மறுபடி வந்தது. இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, மாதாமாதம் படம் எடுத்தேன். கோட்டைத் தாண்டி விரிசல் ஓடியிருந்த படம்தான் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்தில் எடுபட்டது. அங்கே 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. அந்த 24 மாதம் முடிந்த பிறகும் 12 மாதத்துக்குள் மனு போடலாம். மனுவுக்கு ஆன செலவு அற்பம். என்ஜினியர் அறிக்கைதான் கையைக் கடித்தது.