உண்மை தெரிந்தும் வெளியே சொல்ல முடியாத குழு எதற்கு?

தாழ்வாரம்:
உளவுத்துறையை நாடாளுமன்றக் குழு கண்காணிக்கிறது என்கிறார்கள். குழு கூடுவதோ மூடிய அறையில், அங்கே கேட்டதை உறுப்பினர்கள் வெளியே பேசவும் கூடாது. 2013 மார்ச்சில் அமெரிக்க செனட்டர் ரான் வைடன், கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய தகவலைத் திரட்டுகிறீர்களா என்று கேட்டார். தேசிய உளவுத்துறை இயக்குநர் கிளாப்பர் இல்லை என்றார். அது பொய் என்று வைடனுக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை, ஜூனில் உளவுத்துறையின் ஒப்பந்த ஊழியர் எட்வர்ட் ஸ்னோடென் கசியவிட்ட ரகசிய ஆவணங்கள் வந்த பிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது. அப்புறம் குழுவால் என்ன பயன்?

கடலோடி:
அமெரிக்காவில் குழுவே இல்லாத காலத்தையும் பாருங்கள். தந்தி கம்பெனிகளிடமிருந்து வெளிநாட்டுத் தந்திகளை உளவுத்துறை 30 வருடம் வாங்கிப் படித்தது, எஃப்பிஐ மார்ட்டின் லூதர் கிங்கை வேவு பார்த்தது, சிஐஏ வெளிநாட்டுத் தலைவர்களைக் கொல்லத் திட்டம் போட்டது, இதையெல்லாம் 1975ல் ஃபிராங்க் சர்ச் தலைமையிலான செனட் குழுதான் தோண்டி எடுத்துப் பதிவு செய்தது. அடுத்த வருடமே நிரந்தரக் குழு வந்தது.

எழுதுகோல்:
குழு இருக்கிறதா என்பதைவிட அதன் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரிட்டனில் பிரதமர் முன்மொழிந்தவர்களைத்தான் நாடாளுமன்றம் குழுவில் போட முடியும், அறிக்கையும் முதலில் அவரிடம்தான் போகும். பிரிட்டன் அரசியலில் ரஷ்யத் தலையீடு பற்றிய குழுவின் அறிக்கை 2019 அக்டோபரில் பிரதமரிடம் போய், நடுவில் ஒரு பொதுத்தேர்தலும் முடிந்து, 2020 ஜூலையில்தான் வெளிவந்தது. இது எனக்குக் கொஞ்சமும் சரியாகப் படவில்லை, யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவர் கையிலேயே சாவி. ஜெர்மனியில் உறுப்பினர்களை நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கிறது, கோப்புகளைக் கேட்டு வாங்கவும் உளவுத்துறை அலுவலகங்களுக்குள் போய்ப் பார்க்கவும் குழுவுக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

நிலைக்கண்ணாடி:
படித்துப் பார்க்க ஆட்களும் வேண்டும். கைதிகளை சிஐஏ சித்திரவதை செய்தது பற்றி அமெரிக்க செனட் குழு 6,000 பக்கத்துக்கு மேல் எழுத முடிந்ததே, அதன் ஊழியர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து மூல ஆவணங்களைப் படித்ததால்தான். அவர்கள் வேலை செய்த கணினிகளுக்குள் சிஐஏ புகுந்து பார்த்து, 2014ல் அதன் தலைவர் பிரென்னன் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

தாழ்வாரம்:
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வைடன் இடத்தில் இருப்பவர் என்னதான் செய்வது?

கடலோடி:
வழி இருக்கிறது. வெளியிடலாம் என்று குழு வாக்களித்தால் ஜனாதிபதிக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் எதிர்த்தால் முழு செனட்டும் முடிவெடுக்கலாம், நிரந்தரக் குழுவை அமைத்த 1976 செனட் தீர்மானத்திலேயே இது உண்டு. தனியாகவும் செய்யலாம்: 1971ல் செனட்டர் மைக் கிராவெல், வியட்நாம் போர் பற்றிய ரகசிய அரசு ஆய்வான பென்டகன் ஆவணங்களை ஒரு துணைக்குழுவில் வாசித்துப் பதிவில் ஏற்றினார், அவையில் பேசியதற்காக ஒரு செனட்டர் மேல் வழக்குப் போட முடியாது.