மறு: க்யூட்பிரவுசரின் ‘ஹின்ட்’: துப்பா, சுட்டெழுத்தா, விளியெழுத்தா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

க்யூட்பிரவுசர் உலாவியில் வரும் ‘ஹின்ட்’ என்ற சொல்லுக்குத் தமிழ்ப் பெயர் பரிந்துரைத்த எல்லாருக்கும் நன்றி. க்யூட்பிரவுசருக்கு நான் எழுதிவரும் தமிழ்க் கையேட்டில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த உலாவியைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்காக: ஃபுளோரியான் புரூஹின் 2013 இறுதியில் பைத்தானில் எழுதத் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இது. டெபியன், உபுண்டு லினக்ஸ் களஞ்சியங்களிலேயே கிடைக்கிறது. பக்கத்தை வரைந்து காட்டுவது குரோமியம் உலாவியை அடிப்படையாகக் கொண்ட க்யூட் வெப்எஞ்சின். ஆனால் வெளித்தோற்றத்தில் பொத்தான்களே கிடையாது. மேலே கீற்றுகள் (டேப்கள்), கீழே ஒரு வரி நிலைப்பட்டை, அவ்வளவுதான். விம் என்னும் உரைத்தொகுப்பான் பழகியவர்களுக்கு உடனே கைவரும்: ஜே, கே அழுத்தினால் பக்கம் நகரும், ஓ அழுத்தி முகவரி தரலாம், பெரிய எச் முந்தைய பக்கத்துக்குக் கொண்டுபோகும்.

அப்போது இணைப்புகளை எப்படித் திறப்பது? எஃப் அழுத்தினால் திரையில் தெரியும் ஒவ்வோர் இணைப்பின் மேலும் சின்ன மஞ்சள் பெட்டியில் எழுத்துகள் தோன்றும். அவற்றைத் தட்டினால் அந்த இணைப்பு திறக்கும். விரல்கள் ஓய்வாக இருக்கும் நடுவரிசையின் ஒன்பது எழுத்துகளைத்தான் இயல்பாகப் பயன்படுத்துகிறது. ஓரெழுத்தில் 9 இணைப்புகளையும் ஈரெழுத்தில் 81 இணைப்புகளையும் குறிக்கலாம். அதையும் தாண்டினால் மூன்றெழுத்து வரும். இந்த எழுத்துகளுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

> துப்பு என்றே வைக்கலாமே. மற்ற இடங்களில் அப்படித்தானே எழுதுகிறோம்?

மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்க உதவுவது துப்பு. விடுகதைக்கும் மறந்துபோன கடவுச்சொல்லுக்கும் அது பொருந்தும். இங்கே எதுவும் மறைந்திருக்கவில்லை, இணைப்பு கண்ணெதிரே இருக்கிறது. ஆங்கிலப் பெயரே சரியாகப் பொருந்தாத இடத்தில் நாம் ஏன் அதன் பின்னால் போக வேண்டும்?

> இணைப்பைச் சுட்டும் எழுத்து என்பதால் சுட்டெழுத்து.

ஐயா, கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்து என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். அதைவிடப் பெரிய சிக்கல், ‘சுட்டி’ ஏற்கெனவே மௌசுக்கும் இணைப்புக்கும் சி மொழியின் பாயின்டருக்கும் புழங்குகிறது. மௌசைத் தொடாமல் உலாவ வந்த வசதிக்கு அதே வேரிலிருந்து பெயர் வைத்தால் புதிதாக வருபவர் குழம்பிப்போவார்.

இன்னொரு பரிந்துரையான ‘தாவெழுத்து’ எனக்கும் பிடித்தது, சொல்ல எளிது. ஆனால் டேபுக்குத் ‘தாவல்’ என்று எழுதுவோர் பலர். அப்புறம், இந்த எழுத்துகள் தாவுவதற்கு மட்டுமல்ல. அரைப்புள்ளியும் ஒய்யும் அழுத்திவிட்டு எழுத்தைத் தட்டினால் இணைப்பின் முகவரி நகலாகும். அரைப்புள்ளியும் டியும் என்றால் கோப்பு பதிவிறங்கும். என்ன செய்வது என்பதை முதலில் அழுத்தும் விசை சொல்லிவிடுகிறது. எந்த இணைப்பு என்பதை மட்டுமே இந்த எழுத்து சொல்கிறது.

அதனால்தான் ‘விளியெழுத்து’ என்கிறேன். வகுப்பில் ஆசிரியர் பெயர் சொல்லி ஒரு மாணவரை அழைப்பதுபோல, பத்து இணைப்புகளுக்கு நடுவே ஒன்றை மட்டும் அழைக்கும் எழுத்து. அழைத்தபின் திறக்கலாம், நகலெடுக்கலாம், பதிவிறக்கலாம். விளித்த, விளிக்கின்ற, விளிக்கும் எழுத்து என்று வினைத்தொகையாகவும் விரிகிறது. எட்டாம் வேற்றுமை படித்தவர்களுக்கு ‘விளி’ புதிதல்ல. கிளைச்சொற்களும் எளிதாக அமைகின்றன: எழுத்துகள் காட்டப்படும் நிலை ‘விளிநிலை’, அமைப்பை மாற்றி எழுத்துக்குப் பதில் எண்களை வைத்துக்கொண்டால் ‘விளியெண்’.

‘விளிக்குறி’ என்று பொதுப்பெயர் வைக்கவும் யோசித்தேன். நிறுத்தக்குறிகளில் அந்தப் பெயர் ஏற்கெனவே இருப்பதால் விட்டுவிட்டேன்.

கையேட்டில் இதையொட்டி இன்னொன்றும் சேர்க்கிறேன். தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருந்தால் எஃப் இருக்கும் இடம் புள்ளி, ஆகவே கட்டளை எடுபடாது. கட்டளை தரும் இயல்புநிலையிலும் விளிநிலையிலும் ஆங்கில விசைப்பலகை வேண்டும். ஐ அழுத்தி எழுதுநிலைக்குப் போனபின் தமிழுக்கு மாறிக்கொள்ளலாம்.

எனக்கு இன்னும் தீராதது ஒன்றுதான். எழுத்துக்குப் பதில் முழுச் சொற்களையே காட்டும் வகையும் இந்த உலாவியில் உண்டு. அதை ‘விளிச்சொல்’ என்றால் ‘அம்மா’, ‘நண்பா’ போன்ற இலக்கண விளியோடு குழம்புமா? இலக்கணம் அறிந்தவர்கள் இதற்கு மட்டும் கருத்துச் சொன்னால் அந்த அத்தியாயத்தை முடித்துவிடுவேன்.

அன்புடன்.