முதல் பிரசங்கம்: எழுதி வைத்து வாசிக்கலாமா, வேண்டாமா?

பனங்காட்டு வாத்தியார்:
எல்லோருக்கும் ஸ்தோத்திரம். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பிரசங்கம் பண்ணிப் பழக்கமில்லை. எங்கள் சேகரத்தில் (ஒரே குருவானவரின் பொறுப்பில் இருக்கும் சபைகள்) எட்டுக் கோயில்கள், குருவானவர் மாதம் ஒரு ஞாயிறு எங்கள் ஊருக்கு வந்தாலே பெரிது, மற்ற ஞாயிறுகளைச் சபை ஊழியர் பார்த்துக்கொள்வார். அவருக்கு இப்போது கண் ஆபரேஷன். ஐயர் (குருவானவர்தான்) போன் போட்டு, வருகிற ஞாயிறு நீங்கள்தான் என்று சொல்லிவிட்டார். வேதபகுதி மாற்கு 10:46-52, எரிகோ வழியருகே பிச்சை கேட்ட குருடன் பர்திமேயுவுக்கு இயேசு பார்வை கொடுத்தது. (சபை ஊழியருக்குக் கண் ஆபரேஷன், எனக்குக் குருடன் கதை. ஊரில் இப்போதே சிரிக்கிறார்கள்.)

ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன். எரிகோவின் வரலாறு, யோசுவா, மதில் விழுந்தது, அப்புறம் வேதத்தில் வரும் குருடர்கள் எல்லாரும், கடைசியில் 'விழுந்தான், விசுவாசித்தான், விடுதலையடைந்தான்' என்று மூன்று குறிப்பு. வீட்டில் வாசித்துக் காட்டினேன். ஆறாவது பக்கத்தில் மனைவி, "இன்னும் எரிகோவை விட்டே கிளம்பலையா?" என்று கேட்டுவிட்டாள். தாளைப் பார்த்து வாசிக்கலாமா, மனப்பாடம் பண்ண வேண்டுமா, எத்தனை நிமிஷம் பேசலாம்? பழகினவர்கள் சொல்லுங்கள்.

பழைய உபதேசியார்:
தம்பி, உங்கள் வீட்டம்மா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். சம்பவமே "எரிகோவைவிட்டு" புறப்படும்போதுதான் நடக்கிறது, நீங்கள் யோசுவாவைக் கூட்டிக்கொண்டு திரும்ப உள்ளே போகிறீர்கள். அந்த மூன்று 'வி'யையும் முதலில் அடியுங்கள். நானும் இருபது வருஷம் அப்படிப் பண்ணினவன்தான். எழுத்துக்காகப் பொருளை வளைக்க வேண்டி வரும். அவன் எங்கே விழுந்தான்? உட்கார்ந்துதானே இருந்தான்.

பகுதியை மட்டும் பத்துத் தடவை வாய்விட்டு வாசியுங்கள், விளக்கவுரை எதையும் அதுவரை திறக்காதீர்கள். அதே அதிகாரத்தில் கொஞ்சம் மேலே, 36ஆம் வசனத்தில், செபெதேயுவின் குமாரர் யாக்கோபும் யோவானும் வந்து நிற்கும்போது இயேசு என்ன கேட்கிறார்? நான் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்றுதான். இங்கே 51ஆம் வசனத்தில் பிச்சைக்காரனிடமும் அதே கேள்வி. கூடவே நடந்த சீஷர்கள் வலதுபக்கம் ஒன்று இடதுபக்கம் ஒன்று என்று நாற்காலி கேட்டார்கள், இவன் பார்வை கேட்டான். அப்புறம் 46இல் அவன் "வழியருகே" உட்கார்ந்திருக்கிறான், 52இல் "வழியிலே" பின்செல்கிறான். அடுத்த அதிகாரத்தைத் திருப்பினால் அந்த வழி எருசலேமுக்குப் போகிறது, சிலுவைக்கு. ஓரத்தில் இருந்தவன் பாதைக்கு வந்துவிட்டான் என்பதை மாற்கு இரண்டு வார்த்தையில் வைத்திருக்கிறார். உங்களுக்கு இது ஒன்றே போதும், இருபது நிமிஷம் தாராளமாக ஓடும்.

தாளைப் பற்றி: முழுவதும் எழுதுங்கள், ஆனால் பீடத்துக்கு ஒரே ஒரு தாள் கொண்டு போங்கள். முதல் நாலு வரியும் கடைசி நாலு வரியும் மட்டும் அப்படியே தலையில் இருக்கட்டும். முடிக்கத் தெரியாமல் "கடைசியாக" என்று மூன்று தடவை சொல்கிற வியாதி நம் எல்லாருக்கும் உண்டு.

மேல்வீட்டறை:
ஐயா, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் சபையில் பாஸ்டர் ஒன்றேகால் மணி நேரம் தாள் இல்லாமல் செய்தி கொடுப்பார், ஒருத்தர் அசைய மாட்டார்கள். எழுதி வைத்து வாசித்தால் ஆவியானவர் நடத்த இடம் எங்கே? ஜெபத்தில் காத்திருங்கள், வார்த்தை வரும்.

பழைய உபதேசியார்:
ஜெபிக்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே தம்பி. செவ்வாய்க்கிழமை மேஜை முன்னால் உட்காரும்போதும் ஆவியானவர் நடத்துவார். பவுல் நள்ளிரவு வரைக்கும் பேசியதில் ஜன்னலில் இருந்த ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான், அப்போஸ்தலர் 20இல் பாருங்கள். பவுலுக்குப் போன உயிரைத் திரும்பக் கொண்டுவரத் தெரியும். நமக்குத் தெரியாது.

ஞானஸ்நானத் தொட்டி:
நான் கத்தோலிக்கன், இருந்தாலும் உள்ளே வருகிறேன். எங்களுக்கு இந்தப் பகுதி மூன்று ஆண்டுச் சுழற்சியில் இரண்டாம் ஆண்டு, பொதுக்காலம் 30ஆம் ஞாயிறு வாசகம். திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில் மறையுரை (உங்கள் பிரசங்கம்) எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். எங்கள் பங்கில் அது இன்னும் வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம். உங்கள் ஆராதனையில் பிரசங்கத்துக்குத்தான் முக்கிய இடம், எட்டு போதாது, புரிகிறது. ஆனாலும் போனில் பதிவு செய்து ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். எங்கே உங்களுக்கே அலுக்கிறதோ அங்கே வெட்டுங்கள்.

பெண்கள் பக்கம் நாலாவது வரிசை:
பிரசங்கம் பண்ணுகிறவர்களே பேசுகிறீர்கள், கேட்கிறவள் ஒருத்தி சொல்கிறேன். என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. ஒவ்வொரு தடவை பர்திமேயு வரும்போதும் கோயிலில் நாலு தலை எங்கள் பக்கம் திரும்பும். அவனுக்கு அது தெரியாது என்று நினைக்கிறார்கள், பெஞ்சு கிரீச்சிடுவதை வைத்தே அவன் சொல்லிவிடுவான். ஒரு கன்வென்ஷனில் பேச வந்தவர் 'ஆவிக்குரிய குருட்டுத்தனம்' என்று முக்கால் மணி நேரம் பாவத்தையும் பார்வையில்லாமையையும் சேர்த்தே அடித்தார். வெளியே வந்ததும் என் தம்பி, "அக்கா, அந்தப் பகுதியில் தப்பு பண்ணினது குருடன் இல்லை, பேசாதிருன்னு அதட்டின கூட்டம்தானே?" என்றான்.

அண்ணே, அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். 48இல் அவனை அதட்டுகிறவர்கள், இயேசு நின்று கூப்பிடச் சொன்ன உடனே 49இல் "திடன்கொள், எழுந்திரு" என்கிறார்கள். ஒரு நிமிஷத்தில் மாறிப்போன வாய். எங்கள் கோயிலில் பாதிப் பேர் அந்தக் கூட்டம்தான், நானும் சேர்த்து. அப்புறம், சபை ஊழியருடைய கண் ஆபரேஷனைத் தயவுசெய்து இழுக்காதீர்கள். சிரிப்பு வரும், ஆனால் மதியச் சாப்பாட்டில் அது ஒன்றுதான் நினைவில் இருக்கும். வாட்ஸப்பில் வந்த அந்தக் கழுகுக் கதையும் வேண்டாம், இந்த வருஷம் மூன்று தடவை கேட்டாயிற்று.

பனங்காட்டு வாத்தியார்:
கழுகு ஏழாவது பக்கத்தில் இருந்தது அக்கா. எடுத்துவிட்டேன். தம்பி சொன்னதை அவர் பெயர் சொல்லாமல் நான் பயன்படுத்தலாமா?

பெண்கள் பக்கம் நாலாவது வரிசை:
கேட்டேன். "நான் சொன்னதுன்னு சொல்ல வேண்டாம், மாற்கு சொன்னதுன்னு சொல்லச் சொல்லு" என்கிறான்.

பழைய உபதேசியார்:
இன்னொன்று விட்டுப்போச்சு. வேதபாடத்தை நம் பழைய மொழிபெயர்ப்பிலேயே நிறுத்தி வாசியுங்கள், வயசானவர்கள் உங்களோடு சேர்ந்து உதட்டை அசைப்பார்கள். ஆனால் பேசும்போது உங்கள் வகுப்பறைத் தமிழில் பேசுங்கள். பீடத்தில் ஏறியதும் சிலருக்குக் குரலே மாறி, 'பிரியமானவர்களே' என்று வேறு ஆளாகிவிடுவார்கள். ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கி, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகியது தெருவில் இருக்கிறவனோடு பேசத்தான். நமக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள்.

பனங்காட்டு வாத்தியார் (ஞாயிறு மாலை):
முடிந்தது. இருபத்திரண்டு நிமிஷம். முதல் இரண்டு நிமிஷம் முழங்கால் ஆடியது, பீடத்தில் கட்டைச் சுவர் இருப்பது எதற்கு என்று இன்றைக்குத்தான் புரிந்தது. கூட்டத்தைப் பற்றிச் சொன்னபோது கோயில் ரொம்ப அமைதியாகிவிட்டது, பயந்து போய் ஒரு பத்தியைத் தாண்டிவிட்டேன். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, மீன் குழம்பில் எனக்கு நடுத்துண்டு வைத்தாள்.

வாசலில் கை கொடுக்கும்போது எண்பது வயசு ஆச்சி ஒருத்தி கையை விடாமல் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "ஏன் ஐயா, இயேசு கூப்பிட்டதும் அந்தப் பர்திமேயு எறிஞ்சிட்டுப் போனானே மேல்வஸ்திரம், அதைத் திரும்ப வந்து எடுத்தானா? பிச்சைக்காரனுக்கு ராத்திரி போர்த்த அது ஒண்ணுதானே இருந்திருக்கும்?"

நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிறும் என்னையே பண்ணச் சொல்கிறார் ஐயர்.