சுவர் கட்டப் பழக்கிவிட ஒரு மேசன் அண்ணன் தேவை

வணக்கம். மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு நிர்மாணத் தொழினுட்பம் படிப்பிக்கிறேன். செங்கல் அடுக்கும் முறைகளைக் கரும்பலகையில் வரைந்தே இரண்டு வருசம் போய்விட்டது. இந்த முறை பிள்ளைகளே சைக்கிள் கொட்டில் ஒன்று கட்டட்டும் என்று கேட்டேன், அதிபரும் சரி என்றுவிட்டார்.

போன கிழமை நூல் கட்டி, மூலை சரியான செங்கோணமா என்று பார்த்தோம். ஒரு பக்கம் 9 அடி, மறுபக்கம் 12 அடி என்றால் குறுக்கே 15 அடி வரவேண்டும். எங்களுக்கு 4 அங்குலம் கூட வந்தது. பைதகரஸ் என்றாலே ஓடுகிற பொடியன் ஒருவன்தான் முளையைப் பிடுங்கி நகர்த்திச் சரியாக்கினான். கணித ஆசிரியர் இன்னும் நம்பவில்லை!

சிக்கல் இனித்தான். எனக்குப் பாடம் தெரியும், கரண்டி பிடித்த கை இல்லை. சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் வந்து பழக்கிவிட மேசன்மார் யாராவது இருக்கிறீர்களா? பஸ் காசும் சாப்பாடும் தருவோம், முழு நாள் கூலிக்கு வசதியில்லை. பழைய மேசன் கரண்டி, தூக்குக்குண்டு, நீர்மட்டம் சும்மா கிடந்தாலும் சொல்லுங்கள், வந்து எடுக்கிறேன். ஈரச் சீமெந்து தோலை அரிக்கும் என்பதால் கையுறையும் வேண்டும், அதுவும் சின்ன அளவில்.

இன்னொரு கேள்வி. பழகும் சுவரைச் சீமெந்தில் கட்டினால் கல்லெல்லாம் வீண். களிமண்ணும் மணலும் குழைத்துக் கட்டி, பிறகு பிரித்தெடுத்தவர்கள் இருந்தால் எத்தனைக்கு எத்தனை என்று எழுதுங்கள். மாரி மழைக்கு முன் அத்திவாரமாவது முடிக்க வேண்டும்.